மேடையில் அடுப்பு மக்கர் செய்தால்: பொது நிகழ்ச்சியில் சமைத்துக் காட்டுபவர்களுக்குக் கோளாறு வாரியாக ஒரு கைவைத்தியம்

மேடையில் சமைத்துக் காட்டுவது வீட்டுச் சமையலும் இல்லை, ஓட்டல் சமையலும் இல்லை. வீட்டில் அடுப்பு அணைந்தால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். இங்கே மைக் பத்து நொடி செத்தாலே நூறு பேர் செல்பேசியைக் கையில் எடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் நான் பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் நின்றவன். சமைக்கத் தெரியாததால் கெட்ட நிகழ்ச்சி ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன். சமைப்பவரின் இரண்டு கைகளுக்கு நான்கு கைகளின் வேலையைக் கொடுத்துக் கெட்டவைதான் மற்றதெல்லாம்.

அதனால் கீழே பல இடங்களில் 'ஓரத்து ஆள்' என்று ஒருவர் வருவார். மேடையின் பக்கவாட்டில், யார் கண்ணிலும் அதிகம் படாமல், சமைப்பவருக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன வேண்டும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு நிற்பவர். அப்படி ஒருவரை இன்னும் ஏற்பாடு செய்யவில்லை என்றால், மீதியைப் படிக்கும் முன் அதை முடித்துவிடுங்கள். தொகுப்பாளரையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அவர் கண் கூட்டத்தின் மேல் இருக்கும், இவர் கண் அடுப்பின் மேல் இருக்க வேண்டும்.

வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வந்திருக்கும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

## அடுப்பைப் போட்டால் மின்சாரம் போகிறது

முதல் கேள்வி: போட்டவுடனே போனதா, கொஞ்ச நேரம் கழித்துப் போனதா? இரண்டும் வேறு வேறு வியாதி.

போட்ட கணத்திலேயே போனால் அது பெரும்பாலும் சுமையால் அல்ல. எங்கோ மின்கசிவு, இல்லையென்றால் ஷார்ட். மின்பெட்டியைத் திறந்து எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் உள்ள சுவிட்ச் விழுந்திருந்தால் அநேகமாகக் கசிவுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அதை வைத்திருப்பது மனித உயிரைக் காக்க. திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதை ஓரங்கட்டுங்கள். சமையல் மேடையில் வழக்கமான குற்றவாளி ஈரமான பிளக்கோ, காய் கழுவிய தண்ணீர் தெறித்த எக்ஸ்டென்ஷன் பெட்டியோதான். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைக் காலில் உயர்த்திக் கட்டினால் இதில் பாதி வராது.

பத்து, இருபது நிமிடம் கழித்துப் போனால் அது சுமை. இங்கேதான் "ஒத்திகையில் ஒழுங்காகத்தானே எரிந்தது?" என்ற கேள்வி வரும். எரிந்திருக்கும். கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட் உள்ள இடத்தில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அடுப்புக்கு 17.4. பின்னால் இருப்பது 16 ஆம்பியர் பிரேக்கர், அதாவது சுமை மீறினால் தானாக விழும் மின்பெட்டி சுவிட்ச். பதினாறைத் தாண்டியதும் டப்பென்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது விழாது. இந்த வகை பிரேக்கர்களுக்கான சர்வதேசத் தரப்படி, குறித்த அளவின் 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 16 ஆம்பியர் பிரேக்கர் 18 வரை பொறுத்துக்கொள்ளும், 23 என்றால் பொறுக்காது. நடுவில் எப்போது விழும் என்பது உள்ளே இருக்கும் உலோகப் பட்டை எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு அடுப்போடு 750 வாட் மிக்ஸியையும் சேர்த்து ஓட்டினால் மொத்தம் 20.7 ஆம்பியர், சரியாக அந்த நடுப்பகுதி. ஐந்து நிமிட ஒத்திகையில் தெரியாதது, நிகழ்ச்சியின் முக்கியமான கட்டத்தில் தெரியவரும். மின்பெட்டி வெயிலில் காய்கிறது என்றால் இன்னும் சீக்கிரம். 120 வோல்ட் உள்ள நாடுகளில் நிலைமை இதைவிட மோசம். அங்கே 1800 வாட் அடுப்பு ஒன்றே 15 ஆம்பியரை முழுதாகச் சாப்பிட்டுவிடும்.

உடனடி வைத்தியம்: ஒரு அடுப்பை அணையுங்கள், பிரேக்கரைத் தூக்கிவிடுங்கள், மிச்ச நிகழ்ச்சியை ஒற்றை அடுப்பில் முடியுங்கள். அதற்குள் வேறு லைன் தேடி ஓடுவது ஓரத்து ஆளின் வேலை, சமைப்பவருடையது அல்ல.

நிரந்தர வைத்தியம்: ஒவ்வொரு அடுப்புக்கும் தனி பிரேக்கர். "வேறு வேறு சாக்கெட்டில்தானே செருகியிருக்கிறோம்" என்பார்கள். சாக்கெட் இரண்டானாலும் பின்னால் பிரேக்கர் ஒன்றாக இருக்கலாம். ஒரு பிரேக்கரை இறக்கிப் பார்த்து எந்தெந்த சாக்கெட் செத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. ஒலிபெருக்கிக்கும் கட்டாயம் தனி லைன் கேளுங்கள். அடுப்பு போனாலும் பேச்சு போகவில்லை என்றால் கூட்டத்தைப் பிடித்து வைத்துவிடலாம்.

இன்னொன்று, ஆபத்தானது. உருளையில் சுற்றிய நீளமான வயரைப் பாதி மட்டும் இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். 50 மீட்டர் வயர், 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8.7 ஆம்பியர் ஓடினால் பத்து வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வழியிலேயே போய்விடும், கிட்டத்தட்ட 90 வாட் வெப்பம் வயரிலேயே உண்டாகும். விரித்துப் போட்டால் காற்றில் ஆறிவிடும். சுற்றியபடி இருந்தால் எங்கே போகும்? உறை உருகும். முழுதாக அவிழ்த்து, ஆள் நடக்காத பக்கமாக ஓட்டுங்கள்.

## அடுப்பு எரிகிறது, சூடு ஏறவில்லை

இண்டக்ஷன் என்றால் முதலில் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்தப் பாத்திரம் அதில் சூடாகாது. வெறும் அலுமினியமும் செம்பும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி. லேசாக ஒட்டினால் பலவீனமாகத்தான் சூடாகும். விருந்தினராக வரும் சமையல்காரர் தன் ராசியான வாணலியோடு வருவார், அது இண்டக்ஷனில் வேலை செய்யாது, மேடையில் ஏறிய பிறகுதான் அது தெரியும். நான் பார்த்ததில் அடிக்கடி நடப்பது இதுதான். பைக்குள் ஒரு காந்தம் எப்போதும் இருக்கட்டும்.

கேஸ் அடுப்பு என்றால் காற்றா குளிரா என்று பாருங்கள். திறந்தவெளியில் லேசான காற்றுகூட சுவாலையைப் பாத்திரத்துக்கு வெளியே தள்ளிவிடும். தடுப்பு வையுங்கள். ஆனால் சின்ன கேன் செருகும் மேசை அடுப்பில், கேன் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், அடுப்பைவிட அகலமான பாத்திரத்தையும் ஏற்றாதீர்கள். வெப்பம் திரும்பி கேனில் அடித்தால் அது வெடிக்கும். குளிர் விஷயம் வேறு. பியூட்டேன் சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகவே மறுக்கும் (அதன் கொதிநிலை மைனஸ் 0.5), புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். வெளியே பத்து டிகிரி இருந்தாலும், எரிய எரிய கேன் தன் சூட்டையே இழந்து இன்னும் குளிரும், சுவாலை சோர்ந்துபோகும். மாற்றுக் கேனைச் சூடான அறையில் வைத்திருந்து மாற்றுங்கள். கேனை அடுப்பருகே காட்டிச் சூடாக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

காந்தமும் ஒட்டுகிறது, காற்றும் இல்லை, ஆனாலும் தண்ணீர் கொதிக்கவில்லையா? அப்படியென்றால் கோளாறு அடுப்பில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, 2000 வாட் இண்டக்ஷனில் வீணாவதையும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். ஒரு லிட்டர் என்றால் மூன்று நிமிடம். பெரிய பாத்திரம் பார்வைக்கு அழகு என்று வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை சமைப்பவரைப் பேசச் சொல்வது கொடுமை. பின்னால் கொதிக்கவைத்துச் சூடாகக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

## கேஸ் வாசனை

நிகழ்ச்சியை நிறுத்துங்கள். சுவாலையை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் முன்வரிசையை வெளியேற்றுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேடைக்கு அடியிலும் பள்ளத்திலும் போய்த் தேங்கும். மூக்குக்கு வாசனை குறைந்துவிட்டது என்பதால் போய்விட்டது என்று பொருள் இல்லை. கசிவைச் சோப்பு நுரையால்தான் தேட வேண்டும், அதுவும் காலையில், கூட்டம் வருவதற்கு முன்.

## முன்வரிசைக்கே ஒன்றும் தெரியவில்லை

இது வேடிக்கையான கோளாறு. பின்வரிசைக்காரர்கள்தான் குறை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்போம், முன்வரிசைக்காரர் எழுந்து நிற்பார். மேடை 60 சென்டிமீட்டர், அதன்மேல் மேசை 90. மொத்தம் ஒன்றரை மீட்டர். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அவருக்குத் தெரிவது மேசையின் முன்பலகையும் சமைப்பவரின் முகமும் மட்டும். வாணலிக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்கு வெறும் வதந்தி.

சின்னக் கூட்டம் என்றால் மேடையே வேண்டாம். தரையில் மேசையைப் போட்டு, முன்வரிசை உட்கார, அடுத்த வரிசை உயர்ந்த இருக்கையில், கடைசி வரிசை நிற்கட்டும். இதற்கு மின்சாரமும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. ஐம்பது பேர் வரை நான் இதைத்தான் விரும்புவேன். அதற்கு மேல் என்றால் மேசைக்கு மேலே 45 டிகிரி சாய்த்த முகம் பார்க்கும் கண்ணாடி, அல்லது கேமராவும் திரையும். கண்ணாடி பழைய முறைதான், ஆனால் அது ஹேங் ஆகாது, சார்ஜ் தீராது. உடையாத அக்ரிலிக்கில் செய்து, இரட்டைக் கொக்கியில் மாட்டி, அடுப்பின் ஆவி நேராக அடிக்காத இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள்.

## திரையில் படம் வருகிறது, ஆனால்…

…மங்கிப்போய் இருக்கிறது. பகலில் திறந்தவெளியில் புரொஜெக்டர் என்றால் அது கோளாறு இல்லை, தவறான தேர்வு. எல்.இ.டி. திரை வேண்டும், இல்லையென்றால் நிகழ்ச்சியை மாலைக்கு மாற்ற வேண்டும். நடுவில் ஒரு வழி கிடையாது. உள்ளரங்கில் நன்றாக இருந்து திடீரென்று மங்கினால் லென்ஸில் ஆவி படிந்திருக்கிறது. கேமராவை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், கொஞ்சம் முன்னால் தள்ளிச் சாய்த்து வையுங்கள்.

…மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. பளபளப்பான எஃகுப் பாத்திரத்தையும் வெள்ளைத் தட்டையும் பார்த்ததும் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு குழம்புகிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் பூட்டிவிடுங்கள். பல செல்பேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பச்சைக் காய் சாம்பலாகவும் இறைச்சி பழுப்பாகவும் தெரிந்தால், ஒரு மஞ்சள் விளக்கும் ஒரு நீல விளக்கும் சேர்ந்து அடிக்கின்றன என்று பொருள். ஒரே நிற விளக்குகளை மட்டும் எரியவிடுங்கள். விளக்கு வாங்குவதாக இருந்தால் சி.ஆர்.ஐ. எண் (நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டின் நிறம் அதில்தான் உயிரோடு இருக்கும்.

…கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. விளக்கின் துடிப்பும் கேமராவின் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

…பேச்சுக்குப் பின்னால் ஓடிவருகிறது. வயர் இல்லாமல் அனுப்புகிறீர்கள், அதனால்தான். சமைப்பவர் நேரிலும் தெரிகிறார், திரையிலும் தெரிகிறார் என்பதால் அரை நொடி தாமதம்கூடக் கண்ணை உறுத்தும். வயரில் போங்கள். சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வர ஆரம்பிக்கும், அதற்கு மேல் தூரம் என்றால் ஆப்டிகல் வகை கேளுங்கள்.

…கைகள் தலைகீழாக வருகின்றன. கேமராவைத் திருப்பிப் போடுங்கள். கை படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். தானே நறுக்குவதுபோல் பார்வையாளருக்கு அப்போதுதான் பிடிபடும்.

## குரல் கேட்கவில்லை, அல்லது கேட்கக் கூடாதது கேட்கிறது

கையில் பிடிக்கும் மைக்கைச் சமைப்பவரிடம் கொடுத்திருந்தால், அவரை ஒற்றைக் கையால் சமைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாங்கி தொகுப்பாளரிடம் கொடுங்கள். அப்புறம் காலர் மைக். கேட்க நல்ல யோசனைதான், ஆனால் அதன்மேல் ஏப்ரனைக் கட்டிவிடுவார்கள், துணி உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கட்டிய ஏப்ரனின் மேல்பட்டையிலேயே அதை மாட்டினாலும், சமைப்பவர் குனிந்து நறுக்கும்போது பலகையின் 'டக் டக்' வாயைவிட உரக்கக் கேட்கும். கன்னத்தோடு ஒட்டி நிற்கும் ஹெட்செட் மைக்தான் இந்த வேலைக்கு ஏற்றது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் மாறாது. அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும், ஈடுகட்ட சவுண்ட்காரர் ஒலியை ஏற்றுவார், உடனே ஒலிபெருக்கியில் 'கீ' என்ற கூவல் ஆரம்பிக்கும்.

கூவல் வந்தால் முதலில் சமைப்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நடந்து வந்திருப்பார். தரையில் ஒட்டிய ஒரு டேப் கோடு, "இதைத் தாண்டாதீர்கள்" என்று. நான் அறிந்தவரை இதைவிட மலிவான ஒலிக் கருவி இல்லை.

இழுத்த மாதிரி ஒரு 'ம்ம்ம்' வந்து, அடுப்பை அணைத்ததும் நின்றால், காரணம் இண்டக்ஷன். மைக்கின் டிரான்ஸ்மிட்டரை முன்பக்கப் பாக்கெட்டில் வைத்திருப்பார், அது அடுப்பின் விளிம்பில் சாய்ந்துகொண்டிருக்கும். இடுப்பின் பின்பக்கம் மாட்டுங்கள். இண்டக்ஷன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பார்வையாளர் யாரையாவது கிளறிப் பார்க்க மேடைக்கு அழைத்தால், இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் இண்டக்ஷனிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்பது பொதுவான அறிவுரை.

மிக்ஸி ஓடும்போது மைக்கை அடக்கச் சொல்லுங்கள். அரைக்கிற ஒரு நிமிடம் மேடையில் வேறு எதுவும் நடக்காது. அதைவிட, அரைத்ததைக் கிண்ணத்தில் தயாராகக் கொண்டுவருவது மேல்.

## நேரம் போதவில்லை

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்க் கோளாறு. முப்பது நிமிடம் கொடுத்தால் முப்பது நிமிடச் சமையலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் முப்பது நிமிடத்தில் முடிவது, பேசிக்கொண்டே, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கேமராவுக்குக் காட்டிக்கொண்டே செய்தால் நாற்பத்தைந்து ஆகும். என் கணக்கு எப்போதும் ஒன்றரை மடங்கு. 1937இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிய மார்செல் பூலெஸ்டின் முதல் நாளில் எடுத்துக்கொண்டது ஆம்லெட். தொடங்கியதைக் கூட்டத்தின் கண்முன்னேயே முடித்துக் காட்டலாம். மேடைக்கு வேண்டிய குணம் அதுதான்.

மேடையில் நிற்கும்போதே நேரம் நழுவுவது தெரிந்தால், எதை வெட்டுவது? நறுக்குவதை. முதல் வெங்காயத்தை எப்படி நறுக்குவது என்று காட்டியாயிற்று. மீதி நான்கையும் நறுக்குவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை, ஓரத்து ஆள் நறுக்கிய கிண்ணத்தை நீட்டிவிடலாம். எதை வெட்டக் கூடாது? நிறம் மாறும் கணத்தை. வெங்காயம் எப்போது பொன்னிறம், எப்போது கருகல் என்பதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள்.

அதற்கு வழி, ஒரே பதார்த்தத்தைப் பல கட்டங்களில் முன்பே செய்து வைத்திருப்பது: பச்சையாக ஒன்று, பாதி வதங்கியது ஒன்று, முடிந்தது ஒன்று. நன்றாக வதங்க அரை மணி பிடிக்கும் வேலையை, முதல் மூன்று நிமிடம் நேரில் செய்து, பாதி வதங்கியதை எடுத்துக் கடைசி மூன்று நிமிடத்தையும் நேரில் செய்யலாம். இது ஏமாற்று இல்லையா என்று சிலர் கேட்பார்கள். மறைத்தால் ஏமாற்று. "இது இருபது நிமிடம் முன்பு அடுப்பில் ஏற்றியது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது பாடம். மாற்றுப் பாத்திரங்களில் எண் ஒட்டி, மேசைக்கு அடியில் வரிசையாக வையுங்கள். ஒருமுறை முடிந்த பாத்திரத்தை முதலில் தூக்கிக் காட்டிவிட்டு, அதன் பிறகு அதே பதார்த்தத்துக்குத் தண்ணீர் அளந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

கடிகாரத்தை சமைப்பவர் கண்ணில் படும்படி, கூட்டத்தின் பக்கம் வையுங்கள். ஓரத்து ஆள் பத்து, ஐந்து, இரண்டு என்று அட்டை காட்டட்டும்.

நேரம் மிஞ்சினால்? அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நடந்தால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

## கூட்டம் கரைகிறது

எந்த நிமிடத்தில் எழுந்து போகிறார்கள் என்று ஓரத்து ஆளைக் குறிக்கச் சொல்லுங்கள், காரணம் தானே தெரிந்துவிடும். ஐந்தாவது நிமிடத்துக்குள் போனால் குரலோ படமோ எட்டவில்லை. நடுவில் போனால் ஏதோ வெந்துகொண்டிருக்கிறது, மேடையில் பேச்சு நின்றிருக்கிறது. அந்த இடைவெளிக்குத் தொகுப்பாளரிடம் ஐந்து கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், "உங்களுக்குச் சமையலில் ஆர்வம் வந்தது எப்படி?" என்பது அதில் இருக்கக் கூடாது. "இந்த இடத்தில் தீயைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்பது இருக்க வேண்டும்.

வாசனையையும் மறக்காதீர்கள். தொலைக்காட்சியிடம் இல்லாதது நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். வெங்காயமோ வெண்ணெயோ முதல் ஐந்து நிமிடத்துக்குள் சூட்டில் விழட்டும், காற்று கூட்டத்தின் பக்கம் வீசட்டும்.

## சாம்பிள் கொடுக்கும்போது குழப்பம்

மேடை வாணலியில் இருப்பது நான்கு பேர் சாப்பாடு, எதிரே இருப்பது நூறு பேர். ஆளுக்கு 30 கிராம் என்றாலும் 3 கிலோ. ஆகவே சாம்பிள் என்பது பின்னால் தனியாகச் செய்யும் இன்னொரு சமையல், மேடைச் சமையலின் மிச்சம் அல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு ஆளும் அடுப்பும் ஒதுக்கியவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. முடியாது என்றால் "இன்று சாம்பிள் இல்லை" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பத்துப் பேருக்குக் கொடுத்துத் தொண்ணூறு பேரைப் பகைப்பதைவிட அது நல்லது.

கூட்டம் முண்டியடித்தால் காரணம், மேடையில் வைத்துக் கொடுக்கிறீர்கள். தட்டுகளைப் பின்வாசலருகே வைத்துக் கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். நெரிசல் தானாகப் பிரியும், கடைசியில் உட்கார்ந்தவருக்கும் ஒரு நியாயம் கிடைக்கும்.

சூடானது 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகும், சாதகமான நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வகைகளும் உண்டு. அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, குப்பையில் போடுங்கள். மேடை விளக்கின் கீழ் காட்சிக்கு வைத்த தட்டும் இதில் அடங்கும். அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டதா என்று குத்துத் தெர்மாமீட்டரால் பாருங்கள். அதையும் திரையில் காட்டினால் நல்ல காட்சி.

கடலை, எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் வகை, முந்திரி போன்ற கொட்டைகள்: இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் சாம்பிள் மேசையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், தொகுப்பாளரும் வாயால் சொல்லட்டும். "கொஞ்சம்தான் போட்டோம்" என்பது ஒவ்வாமைக்குப் புரியாத மொழி. பொது இடத்தில் உணவு கொடுக்க உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

## புகை அலாரம் அடிக்கிறது

அரங்கின் பொறுப்பாளரிடம் ஓரத்து ஆள் ஓட வேண்டும். சமைப்பவர் தீயைக் குறைத்து மூடியைப் போட வேண்டும். சில அரங்குகளில் அலாரம் அடித்தாலே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போய்விடும், அதனால் தாமதம் கூடாது. நிஜமாகவே தீயா என்று தெரியும்வரை வெளியேற்றும் அறிவிப்பை மதியுங்கள், நிகழ்ச்சியைத் தொடர வேண்டும் என்ற வீறாப்பு வேண்டாம். அடுத்த முறைக்கு: புகை உணர்விகள் எங்கே இருக்கின்றன, அந்தப் பகுதியை மட்டும் தற்காலிகமாக அடக்க யாருக்கு அதிகாரம், அந்த நேரத்தில் தீக்காவலுக்கு யார் நிற்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். உணர்வியின்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நீங்களாக அதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், பதற்றத்தில் யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1700 மடங்கு விரியும், அது எரியும் எண்ணெயைத் தூக்கி முன்வரிசையில் வீசும். அடுப்பை அணைத்து, சரியாகப் பொருந்தும் மூடியை ஓரத்திலிருந்து நகர்த்தி மூடுங்கள். உடனே திறந்து பார்க்காதீர்கள், பாத்திரத்தைத் தூக்கவும் வேண்டாம். அந்த மூடி அடுப்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தீப்போர்வையும் சமையல் எண்ணெய்க்கான தீயணைப்பானும் ஓரத்து ஆள் கைக்கெட்டும் தூரத்தில்.

## கை வெட்டுப்பட்டது

கேமராவைத் தொகுப்பாளர் பக்கம் திருப்புங்கள், ரத்தம் பட்ட பலகையையும் அதன் மேலிருந்ததையும் அப்படியே அகற்றுங்கள். நீல நிறப் பிளாஸ்திரி, அதன்மேல் கையுறை. நீலம் ஏன் என்றால், கழன்று விழுந்தால் உணவில் உடனே கண்ணுக்குப் படும். சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம், அதாவது நிகழ்ச்சி அவருக்கு முடிந்தது. செய்முறையை ஒருமுறையாவது செய்து பார்த்த ஒருவர் அந்த நேரத்தில் ஏப்ரனைக் கட்ட வேண்டும். யார் அவர் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

## சமையலே கெட்டுவிட்டது

கருகியதா, திரிந்ததா, சரியாக வரவில்லையா? மறைக்காதீர்கள். கேமராவை நெருங்கச் சொல்லி, எந்த இடத்தில் தவறியது என்று காட்டிவிட்டு, அடுத்த கட்டப் பாத்திரத்தை எடுங்கள். சரியாக வந்ததையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த கூட்டம் அதைப் பற்றித்தான் வெளியே பேசிக்கொண்டு போகும். மாற்றுப் பாத்திரம் இல்லாதவருக்கு மட்டும் இது விபத்து.

## நிகழ்ச்சி முடிந்தது, மேடையைக் காலி செய்ய முடியவில்லை

அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள், மேசையில் ஒரு பாத்திரம் நிறையக் கொதிக்கும் எண்ணெய். பொரித்த எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை அதை யாரும் தூக்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. ஆகவே பொரிப்பதாக இருந்தால் சக்கரம் வைத்த, அப்படியே மொத்தமாக உருட்டிப் போகும் மேசை வேண்டும், சிலிண்டர் என்றால் வால்வை மூடிக் குழாயைக் கழற்றிய பிறகு. ஆறிய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் ஊற்றுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது அங்கே உறைந்து குழாயை அடைக்கும், அரங்கக்காரர் அடுத்த முறை உங்களுக்குச் சாவி தரமாட்டார்.